ஆதிக் கடலின் முள்ளந்தண்டிலிகள்: வன்னி வாசகருக்கான கேள்வி பதில்

இலங்கைப் பாடநூல்களில் உயிர்ச்சுவடு என்று வருவதைத் தமிழ்நாட்டு நூல்கள் புதைபடிவம் என்கின்றன. இரண்டும் ஒன்றுதான். கீழே ஆண்டுக் கணக்கெல்லாம் கோடியில் தரப்பட்டிருக்கிறது. 1 கோடி என்பது 10 மில்லியன்.

வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் மிகப் பழைய பாறை இருக்கிறதே, அதில் ஆதி விலங்குகளின் உயிர்ச்சுவடு கிடைக்குமா?

கிடைக்காது. பாறை பழையதுதான், ஆனால் அது வெந்துபோன பாறை.

வன்னியின் பெரும்பகுதிக்கு அடியில் கிடப்பது உருமாறிய பாறை. வரிவரியாகத் தெரியும் நைஸ் அதில் அதிகம். புவிச்சரிதவியலாளர் இந்தப் பாறைக் கூட்டத்துக்கு வைத்த பெயரே வன்னித் தொகுதி என்பது. இதன் மூலப் பாறைகள் ஏறத்தாழ 110 கோடி முதல் 77 கோடி ஆண்டுகளுக்கு முன் உருவானவை. பிறகு, ஏறத்தாழ 61 கோடி முதல் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கொண்ட்வானாப் பெருங்கண்டம் துண்டுதுண்டாக வந்து மோதி ஒட்டிக்கொண்டபோது, இவை பல கிலோமீற்றர் ஆழத்துக்கு அமிழ்ந்து 700 பாகை செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பத்தில் கிடந்தன. அந்த வெப்பத்தில் கனியங்கள் புதிதாகப் பளிங்காகும். அதற்கு முன் பாறைக்குள் என்ன பதிந்திருந்தாலும் அதன் உருவம் அழிந்துவிடும்.

இதில் கவனிக்க வேண்டியது காலம். கடலடியில் முதல் பெரிய விலங்குகள் தம் தடத்தை விட்டது ஏறத்தாழ 57 கோடி ஆண்டுகளுக்கு முன். வன்னிப் பாறை ஆழத்தில் வெந்துகொண்டிருந்ததும் அதே காலத்தில்தான். நம் காலடியில் இருக்கும் கல்லுக்கும் அந்த முதல் விலங்குகளுக்கும் காலம் ஒன்று, இடம் வேறு. ஆகவே அவற்றின் சாட்சியத்தை அவுஸ்திரேலியா, ரஷ்யா, கனடா, சீனா, நமீபியா போன்ற இடங்களின் வேகாத பாறைகளில்தான் படிக்க வேண்டியிருக்கிறது.

கல்லுடைக்கும் இடங்களில் கருங்கல்லில் தெரியும் வெள்ளை, கறுப்பு வரிகளைக் கடலடிப் படிவு என்று மாணவர்கள் எழுதிவிடுகிறார்கள். அவை அழுத்தத்தால் கனியங்கள் பிரிந்து அணிவகுத்து நின்ற வரிகள்.

அப்படியென்றால் வன்னியில் கடல் உயிர்ச்சுவடே இல்லையா?

இருக்கிறது, ஆனால் வயது மிகக் குறைவு. மேற்கிலும் வடக்கிலும் அந்தப் பழைய பாறைக்கு மேல் மயோசீன் காலச் சுண்ணக்கல் படிந்திருக்கிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியில் கிடக்கும் அதே கல்தான். கொண்டச்சி, முருங்கன், முழங்காவில், பரந்தன், முல்லைத்தீவு ஆகிய இடங்களில் நிலத்தடி நீரைத் தாங்கும் ஆழ்ந்த வடிநிலங்களாக இது அறியப்பட்டிருக்கிறது. வயது ஏறத்தாழ 2 கோடி முதல் 1.6 கோடி ஆண்டு. சங்கு, சிப்பி, முருகை, கடல் முள்ளெலி எல்லாம் அதற்குள் உண்டு.

ஏறத்தாழ 53.9 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய கம்பிரியன் காலத்தோடு ஒப்பிட்டால் இது நேற்றைய கல். ஆனாலும் ஒரு கடல் எப்படிக் கல்லாகிறது, எந்த ஓடு நிலைக்கிறது, எது கரைகிறது என்று கையால் தொட்டுப் படிக்க இதைவிட நல்ல இடம் நமக்கு இல்லை. மண் மூடிக் கிடப்பதால் பெரும்பாலும் கிணறு வெட்டும்போதும், குழாய்க்கிணறு துளைக்கும்போதும், கரையோரம் அரிபடும்போதும்தான் கண்ணில் படும்.

உலகில் மிகப் பழைய விலங்குச் சுவடு எது?

பெரிய உடலின் தெளிவான பதிவு என்று கேட்டால், கம்பிரியனுக்குச் சற்று முந்திய எடியாக்கரன் கால உயிர்கள். 1946இல் தென் அவுஸ்திரேலியாவின் எடியாக்கரா மலைகளில் ரெஜினால்ட் ஸ்பிரிக் என்ற புவிச்சரிதவியலாளர் மணற்கற் பலகைகளில் வட்டமான பதிவுகளைக் கண்டார். அவை கம்பிரியன் காலத்துக்கும் முந்தியவை என்பதை ஏற்க அறிவுலகம் தயங்கியது. 1957இல் இங்கிலாந்தின் சார்ன்வுட் காட்டில் இறகு போன்ற ஒரு பதிவை றொஜர் மேசன் என்ற பாடசாலை மாணவர் காட்டிக் கொடுத்தார். அது சார்னியா எனப் பெயர் பெற்றது. அந்தப் பாறை கம்பிரியனுக்கு முந்தியது என்பதில் எவருக்கும் ஐயம் இருக்கவில்லை. அதன் பிறகுதான் ஸ்பிரிக் கண்டவற்றுக்கும் உரிய மதிப்புக் கிடைத்தது.

இன்று இந்த உயிர்களை மூன்று கூட்டமாகப் பிரிக்கிறார்கள். முதலாவது 57.5 கோடி முதல் 56 கோடி ஆண்டு வரை: ஆழ்கடல் தரையில் காம்பூன்றி நின்ற இறகு வடிவங்கள். கனடாவின் நியூபவுண்ட்லாந்தில் மிஸ்டேக்கன் பொயின்ற் என்ற கடற்கரைப் பாறையில் எரிமலைச் சாம்பல் அவற்றை அப்படியே மூடியிருக்கிறது. இரண்டாவது 56 முதல் 55 கோடி வரை: ரஷ்யாவின் வெண்கடற் கரையும் எடியாக்கராவும். ஊர்ந்து மேய்ந்த உயிர்கள் இங்கேதான் வருகின்றன. மூன்றாவது 55 முதல் 53.9 கோடி வரை: நமீபியா. இங்கே முதல் ஓடுகள்.

இவற்றுக்கு முந்தியது என்று சொல்லப்படும் சான்றுகளும் உண்டு. ஓமான் பாறைகளில் பஞ்சுயிரிகளுக்குரியதாகக் கருதப்பட்ட கொழுப்பு மூலக்கூறுகள் 2009இல் அறிவிக்கப்பட்டன, வயது 63.5 கோடிக்கும் மேல். அதே மூலக்கூறு பாசிகளிலிருந்தும் வரக்கூடும் என்ற எதிர்வாதம் வலுவாக இருக்கிறது. பரீட்சை விடையில் அதை உறுதியான சான்றாக எழுதாமல், விவாதத்திலுள்ள சான்று என்று எழுதுவதே நேர்மை.

எடியாக்கரன் உயிர்கள் உண்மையில் விலங்குகள்தானா?

எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட முடியாது. இரண்டைப் பற்றி நல்ல சான்று இருக்கிறது.

டிக்கின்சோனியா என்பது வரிவரியான நீள்வட்டப் பாய் போன்ற உடல். சில ஒரு மீற்றருக்கும் மேல் நீளம். இலைக்கன் என்றும், பிரம்மாண்டமான ஒருகல உயிர் என்றும் பலவாறு சொல்லப்பட்டது. வெண்கடற் கரையில் எடுத்த மாதிரிகளின் மேல் ஒட்டியிருந்த மெல்லிய காபன் படலத்தை 2018இல் பகுத்தபோது, அதில் கொலஸ்திரோலின் எச்சம் மிக அதிகமாக இருந்தது. சுற்றியிருந்த பாறையில் பாசிக்குரிய கொழுப்பே மிகுந்திருந்தது. கொலஸ்திரோல் விலங்குக்குரிய அடையாளம்.

கிம்பரெல்லாவைப் பற்றிய சான்று வேறு வகை. முதலில் சொறி மீன் என்று எண்ணினார்கள். பிறகு 55.5 கோடி ஆண்டுப் பழமையான வெண்கடல் மாதிரிகளைப் பார்த்து, இருபக்கச் சமச்சீர் கொண்ட, அடிப்பாதத்தால் ஊர்ந்த உயிர் என்று 1997இல் மறுவிளக்கம் தரப்பட்டது. அதன் அருகிலேயே விசிறி வடிவக் கீறல்கள் காணப்படுகின்றன. கடலடிப் பாசியைச் சுரண்டித் தின்ற தடம் அது. நத்தை பாசி படிந்த தொட்டிச் சுவரை மேய்ந்துவிட்டுப் போன பின் தெரியும் தடத்தைப் பாருங்கள், விளங்கும். மெல்லுடலிகளின் நெருங்கிய உறவு என்று பலர் கருதுகிறார்கள்.

எலும்பும் இல்லை, ஓடும் இல்லை. அப்படிப்பட்ட உடல் மணற்கல்லில் எப்படிப் பதிந்தது?

இதற்கான விடையைப் புரட்டாதியில் வற்றிய குளத்தின் தரையில் காணலாம். நீர் வடிந்த சேற்றின் மேல் பச்சைப் பாசி ஒரு தோல் போலப் படர்ந்து காயும். அந்தத் தோல் மூடிய இடத்தில் மாட்டின் குளம்படி கூர்மையாக நிற்கும். பக்கத்தில் புழு துளைத்துக் கிளறிய சேற்றில் அதே குளம்படி குழைந்து உருத் தெரியாமல் போய்விடும்.

எடியாக்கரன் கடலின் தரை முழுவதும் நுண்ணுயிர்ப் பாய் விரிந்திருந்தது. புயலில் மணல் வந்து உயிரை மூடியதும், அதன் மேல் புதிய பாய் வளர்ந்தது. அழுகும் உடலிலிருந்து வெளியான பொருள்களும் இரும்பும் கந்தகமும் சேர்ந்து மணலின் அடிப்பக்கத்தைச் சீமெந்துபோல இறுக்கின. உடல் கரைந்து போனாலும் அச்சு நின்றது. இதனால் இந்தச் சுவடுகள் பெரும்பாலும் மணற்கற் பலகையின் அடிப்பக்கத்தில்தான் கிடைக்கும். பலகையைப் புரட்டிப் பார்க்காதவருக்கு ஒன்றும் கிடைக்காது.

கம்பிரியன் தொடங்கியதும் புழுக்கள் கடலடியைக் கீழ்நோக்கித் துளைக்கத் தொடங்கின. பாய் கிழிந்தது, சேற்றுக்குள் ஒட்சிசன் புகுந்தது, அந்தப் பதிவு முறையும் முடிந்தது. ஆகவே பிற்காலப் பாறையில் எடியாக்கரன் வகைச் சுவடு அரிதாக இருப்பதற்கு உயிர்கள் அழிந்தது ஒரு காரணம், பதியும் வழி அடைபட்டது இன்னொரு காரணம். இரண்டாவதை மறந்துவிட்டு முதலாவதை மட்டும் எழுதுவது அடிக்கடி நடக்கும் தவறு.

கம்பிரியன் தொடக்கத்தை எதை வைத்துக் குறித்தார்கள்?

ஓடுகளை வைத்தோ உடலை வைத்தோ குறிக்கவில்லை, கடலடியில் புழு தோண்டிய ஒரு வளையை வைத்துக் குறித்தார்கள். திரெப்டிக்னஸ் பெடம் என்று பெயர் பெற்ற, கிளைகிளையாக மேலும் கீழும் துழாவிய புழுத்தடம் முதலில் தோன்றும் மட்டமே எல்லை. நியூபவுண்ட்லாந்தின் போர்ச்சூன் ஹெட் பாறை 1992இல் உலகப் பொது எல்லையாக ஏற்கப்பட்டது. வயது 53.88 கோடி ஆண்டு.

ஓடு முதலில் எப்போது வந்தது?

ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன். குளவுடினா என்பது ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய கூம்புகள் போன்ற சிறு குழாய், சுண்ணத்தால் ஆனது. சீனாவில் கிடைத்த குளவுடினாக் குழாய்கள் சிலவற்றில் வட்டமான துளைகள் இருக்கின்றன. யாரோ துளைத்துத் தின்றிருக்கிறார்கள். மன்னார்க் கரையில் ஒதுங்கும் மட்டி ஓடுகளில் ஊசி குத்தியது போல ஒரே ஒரு சுத்தமான ஓட்டை இருப்பதைப் பலரும் கண்டிருப்பீர்கள். வேட்டையாடும் சங்கு வகைகள் போடும் ஓட்டை அது. ஓடு, துளைப்பவர், இன்னும் தடித்த ஓடு என்ற போட்டி அவ்வளவு பழையது.

கம்பிரியன் தொடக்கத்தில் ‘சிற்றோட்டு உயிர்கள்’ பெருகுகின்றன. ஒவ்வொன்றும் 1, 2 மில்லிமீற்றர். தொப்பி, முள், செதில், சுருள் எனப் பல வடிவம். பல ஒரே விலங்கின் சிதறிய கவசத் துண்டுகள். நமக்குக் கிட்டிய இடம் இமயமலையின் மசூரிப் பகுதி. அங்குள்ள பொசுபேற்றுப் பாறைகளிலிருந்து இவை எடுக்கப்பட்டிருக்கின்றன.

எடுக்கும் முறை எளிமையானது, ஆனால் பொறுமை வேண்டும். சுண்ணக்கல்லைச் சிறு துண்டுகளாக உடைத்து, 10 சதவீதத்துக்கு மேற்படாத அசற்றிக் அமிலத்தில் இட்டு வைப்பார்கள். சுண்ணம் கரையும், பொசுபேற்றாக மாறிய ஓடுகள் கரையாமல் அடியில் தங்கும். செறிவு கூடினால் பொசுபேற்றும் அரிபடும், அதனால் அமிலத்தன்மை அதிகம் மாறாதபடி கரைசலைத் தாங்கலாக்கி வைப்பார்கள். எஞ்சியதைச் சல்லடையில் கழுவி, நுணுக்குக்காட்டியின் கீழ் ஒவ்வொன்றாகத் தூரிகையால் பொறுக்குவார்கள். ஒரு கிலோ கல்லில் கைப்பிடி மணலளவுதான் மிஞ்சும், சில வேளை ஒன்றும் இராது.

கம்பிரியன் வெடிப்பு என்கிறார்களே, எல்லா விலங்குகளும் திடீரென்று வந்தனவா?

‘வெடிப்பு’ என்ற சொல்தான் இந்தத் தடுமாற்றத்துக்குக் காரணம். அந்தப் புழுவளையிலிருந்து பெரிய விலங்குக் கூட்டங்கள் வரை ஏறத்தாழ 2 கோடி ஆண்டு எடுத்தது. அழிந்துபோன ஓட்டு மூட்டுக்காலிகளான திரைலோபைற்றுகள் தோன்றுவதே 52.1 கோடியில். முதலில் தடம், பிறகு சிற்றோடு, பிறகு முழு உடல் என்ற வரிசை பல கண்டங்களிலும் ஒத்து வருகிறது.

டார்வின் 1859இல், கம்பிரியனுக்கு முந்திய பாறைகளில் உயிர்ச்சுவடு இல்லாதது தன் கொள்கைக்கு எதிரான வலுவான வாதம் என்று வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். எடியாக்கரன் உயிர்கள் வெளிச்சத்துக்கு வர அதன் பிறகு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆனது.

காரணம் எது என்று கேட்டால், ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளாதீர்கள். கடலில் ஒட்சிசன் ஏறியது, உடலமைப்பைத் தீர்மானிக்கும் பரம்பரையலகுகள் ஏற்கெனவே தயாராக இருந்தன, ஒன்றையொன்று தின்னும் வழக்கம் வந்தது. இவை ஒன்றையொன்று தூண்டின என்பதே எமக்குப் பொருத்தமாகப் படுகிறது.

பேர்ஜஸ் ஷேல், செங்ஜியாங் ஆகியவற்றுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு?

சாதாரணமாகக் கல்லில் நிற்பது ஓடு மட்டும். இந்த இரண்டு இடங்களிலும் தோல், குடல், கண், கால், சில மாதிரிகளில் நரம்பு கூடப் பதிந்திருக்கிறது. கனடாவின் பேர்ஜஸ் ஷேலை 1909இல் சார்ள்ஸ் வோல்கொற் கண்டார். பிந்திய ஆண்டுகளில் 65,000 மாதிரிகளுக்கு மேல் சேர்த்தார். வயது 50.8 கோடி. சீனாவின் யுன்னானில் உள்ள செங்ஜியாங்கை 1984இல் ஹௌ சியென்குவாங் கண்டார், வயது 51.8 கோடி. நுண்ணிய சேறு திடீரென்று சரிந்து மூடியது, ஒட்சிசன் எட்டவில்லை, உடல் மெல்லிய காபன் படலமாக நசுங்கி நின்றது.

இங்கே நடந்த தவறுகள்தான் மாணவருக்கு நல்ல பாடம். அனோமலோகாரிஸ் குடும்பத்து விலங்குகளின் முன்கொடுக்கை இறால் உடல் என்று எழுதினார்கள். வட்டமான வாயை, நடுவில் ஓட்டையுள்ள சொறி மீன் என்று பெயரிட்டார்கள். வாய் ஒட்டியிருந்த உடலை இன்னொரு விலங்காகக் கொண்டார்கள். மூன்றும் ஒரே வகை வேட்டை விலங்கின் உறுப்புகள் என்பது 1985இல்தான் விற்றிங்டன், பிறிக்ஸ் ஆகியோரின் ஆய்வில் முழுமையாக வெளிவந்தது. முதுகில் முட்கள் கொண்ட புழு போன்ற ஹலூசிஜீனியாவுக்கு நடந்தது இன்னும் பெரிது. 1977இல் முதுகு முட்களைக் கால்கள் என்று வரைந்தார்கள். 1991இல் சீன மாதிரிகளை வைத்து அதைத் தலைகீழாகப் புரட்டினார்கள். 2015இல்தான் எந்த முனை தலை என்பது தெளிவானது.

உறுப்புகள் தனித்தனியாகக் கழன்று கிடைக்கும்போது ஒவ்வொன்றையும் ஒரு விலங்காக எண்ணுவது எவருக்கும் நேரும். கரையில் நண்டின் கொடுக்கும் ஓடும் தனித்தனியே ஒதுங்கிக் கிடப்பதைப் பார்த்தவருக்கு இது புதுமை இல்லை. அந்த ஓடுகளில் பல, செத்த நண்டினுடையவை அல்ல, கழற்றிப்போட்ட சட்டைகள். திரைலோபைற்றும் அப்படியே சட்டை கழற்றியது. அதனால் கிடைத்த ஓடுகளை எண்ணி விலங்குகளின் தொகையைச் சொல்லக் கூடாது.

இன்று மன்னார்க் கடலில் வலையில் வரும் உயிர்களோடு இவற்றுக்குத் தொடர்பு உண்டா?

கணம் என்ற பெரும்பிரிவின் அளவில் உண்டு, இன அளவில் இல்லை. நண்டும் இறாலும் சேரும் மூட்டுக்காலிக் கணம், சங்கும் முத்துச்சிப்பியும் கணவாயும் சேரும் மெல்லுடலிக் கணம், கடல் அட்டையும் கடல் முள்ளெலியும் சேரும் முட்தோலிக் கணம், பஞ்சுயிரி, சொறி மீனும் முருகையும் சேரும் கணம் எல்லாமே கம்பிரியன் பாறைகளில் ஆள் காட்டுகின்றன. ஆனால் கம்பிரியனில் நண்டும் இல்லை, முத்துச்சிப்பியும் இல்லை. முருகைக்கற்பாறை கட்டும் இன்றைய முருகை இனங்களின் பரம்பரை ஏறத்தாழ 24 கோடி ஆண்டுகளுக்கு முன்தான் தொடங்குகிறது. கம்பிரியனில் அந்த வேலையைச் செய்தவை ஆர்க்கியோசயத் என்ற, கிண்ண வடிவப் பஞ்சுயிரிகள்.

கடல் அட்டையின் உயிர்ச்சுவடு ஏன் இவ்வளவு குறைவு என்பதை நீங்களே செய்து பார்க்கலாம். முட்தோலிகளின் கூடு, சல்லடை போன்ற நுண்துளைச் சுண்ணத்தால் ஆனது. கடல் அட்டையில் அந்தக் கூடு சிதறி, தோலுக்குள் கண்ணுக்குத் தெரியாத வில்லைகளாகக் கிடக்கிறது. பச்சை அட்டைத் தோலில் பயறளவு துண்டை ஒரு சிறு கண்ணாடிக் குழாயில் இட்டு, துணி வெளுக்கும் குளோரின் திரவம் 10 துளி விடுங்கள். சில நிமிடங்களில் தசை கரைந்து வெள்ளைத் தூள் அடியில் தங்கும். மேலே உள்ள திரவத்தை மெதுவாக ஊற்றிவிட்டு, ஐந்து முறை நல்ல நீர் விட்டுத் தெளியவைத்து ஊற்றுங்கள். ஒரு துளியைக் கண்ணாடித் தட்டில் வைத்துப் பாடசாலை நுணுக்குக்காட்டியில் 100 மடங்கில் பார்த்தால் மேசை, பொத்தான் போன்ற வடிவங்கள் தெரியும். வினாகிரியையோ வேறு அமிலத்தையோ இதில் சேர்க்கவே கூடாது. நச்சுக் குளோரின் வாயு எழும், வில்லைகளும் கரைந்துவிடும். அட்டை செத்தால் கல்லில் மிஞ்சுவது இந்தத் தூள் மட்டும். மற்றது எல்லாம் போய்விடும்.

இத்தனை கோடி ஆண்டு என்று எப்படி எண்ணுகிறார்கள்?

இதற்கான கடிகாரம் நம் கரையிலேயே குவிந்து கிடக்கிறது. புல்மோட்டைக் கறுப்பு மணலில் இல்மனைற்று, றூற்றைல் ஆகியவற்றோடு சிர்க்கோன் என்ற கனியமும் உண்டு. சிர்க்கோன் பளிங்காகும்போது யுரேனியத்தை உள்ளே சேர்த்துக்கொள்ளும், ஈயத்தை ஏற்காது. ஆகவே பின்னர் அதற்குள் காணப்படும் ஈயம் யுரேனியம் சிதைந்து வந்தது. யுரேனியம் 238 பாதியாகக் குறைய 447 கோடி ஆண்டு, யுரேனியம் 235க்கு 70 கோடி ஆண்டு. இரண்டு கடிகாரமும் ஒரே விடை தந்தால் வயதை நம்பலாம். வன்னிப் பாறை எப்போது வெந்தது என்பதும் இப்படித்தான் தெரிந்தது.

உயிர்ச்சுவட்டை நேரடியாக இப்படி அளக்க முடியாது. அதற்கு மேலும் கீழும் உள்ள எரிமலைச் சாம்பல் படையிலிருந்து சிர்க்கோனை எடுத்து அளந்து, சுவட்டை அந்த இரண்டு வயதுக்கும் இடையில் வைப்பார்கள். மணலில் அடித்து வரப்பட்ட சிர்க்கோன் தாய்ப் பாறையின் வயதைத்தான் சொல்லும், மணல் படிந்த காலத்தைச் சொல்லாது. இதை மாற்றி எழுதுவோர் பலர்.

காபன் 14 முறை ஏறத்தாழ 50,000 ஆண்டுக்கு மேல் உதவாது.

கோயிலில் வைத்து வழிபடும் சாளக்கிராமமும் உயிர்ச்சுவடா?

பெரும்பாலும் ஆம். நேபாளத்தின் காளி கண்டகி ஆற்றில் உருண்டு வரும் கருங்கட்டிகளுக்குள் இருக்கும் சக்கரம் அமோனைற்று என்ற கடல் உயிரின் ஓட்டு அச்சு. கணவாயின் தூரத்து உறவு அது. ஏறத்தாழ 15 கோடி ஆண்டுப் பழமையான கடற்சேற்றில் படிந்து, இமயமலையோடு மேலே வந்தது. கம்பிரியன் உயிர் அல்ல. வழிபாட்டில் உள்ள கல்லை உடைத்துப் பார்க்க எவரும் முனைய வேண்டாம். சுருளும் வரிகளும் வெளியிலேயே தெரியும். அமோனைற்றுகளைப் பாறையில் காண விரும்புவோருக்குக் கிட்டிய இடம் தமிழ்நாட்டின் அரியலூர், பெரம்பலூர்ப் பகுதி.

இந்தியாவில் டிக்கின்சோனியா கிடைத்ததாகக் குறிப்புகளில் இருக்கிறதே?

அந்தக் குறிப்பைத் திருத்திக்கொள்ளுங்கள். போபாலுக்கு அருகே பீம்பேட்கா குகையின் கூரையில் டிக்கின்சோனியா இருப்பதாக 2021இல் ஆய்விதழில் வெளிவந்தது. மீண்டும் போய்ப் பார்த்த வேறொரு குழு, அது சிதைந்து உதிர்ந்த மலைத்தேனீக் கூட்டின் எச்சம் என்று 2023இல் காட்டியது. முதல் முறை எழுதியவர்களும் அதை ஏற்றுக்கொண்டார்கள். பாறையின் மேல் ஒட்டியிருப்பதும் பாறைக்குள் பதிந்திருப்பதும் வேறுவேறு என்பதைத் தொட்டுப் பார்த்தே உறுதி செய்ய வேண்டும். வன்னிக் காட்டுப் பாறைகளிலும் தேன்கூட்டுத் தழும்பு, குளவிக்கூட்டு மண், பாறைப்பாசி வட்டம், செடி போலக் கிளைக்கும் மங்கனீசுக் கறை ஆகியவை இதே ஏமாற்றத்தைத் தரும்.

முருங்கன் பக்கம் கிணறு வெட்டிய கல்லில் சுவடு தேடுவது எப்படி?

வெட்டிப் போட்ட குவியலில் தேடுங்கள். கிணற்றுச் சுவரை உடைக்க வேண்டாம். தேவையானவை: 10 மடங்கு கைவில்லை, சிறு சுத்தியல், உளி, கண்ணைக் காக்கும் கண்ணாடி, பழைய பத்திரிகைத் தாள், பென்சில், குறிப்பேடு.

முதலில் கல்லைக் கழுவிக் காயவிடுங்கள். ஈரக் கல்லில் எல்லாம் ஒரே நிறமாகத் தெரியும். காலை அல்லது மாலைச் சாய்வெயிலில் பிடித்துப் பார்த்தால் மேடு பள்ளம் நிழல் விழுந்து எழும். பிறகு ஒரு மூலையில் வினாகிரி ஒரு துளி விடுங்கள். நுரைத்தால் சுண்ணம். நுரை மெதுவாக வந்தால் அந்த இடத்தைக் கீறித் தூளாக்கி மறுபடி விடுங்கள். தேசிக்காய்ச் சாறும் உதவும். நுரைக்காத கருங்கல்லில் நேரம் செலவிட வேண்டாம்.

வினாகிரியில் கல்லை ஊறவைத்துச் சுவட்டை எடுக்கலாம் என்று எண்ணாதீர்கள். மசூரிக் கல்லில் சுவடு பொசுபேற்று, இங்கே சுவடும் சுண்ணம் கல்லும் சுண்ணம். இரண்டும் சேர்ந்தே கரையும்.

எதிர்பார்க்க வேண்டியது இதுதான்: ஆளி, விசிறிச் சிப்பி வகை, கடல் முள்ளெலி ஆகியவற்றின் கூடு கல்சைற்று என்ற உறுதியான சுண்ணப் பளிங்கு; அவை ஓடாகவே நிற்கும். சங்கு வகைகளும் முருகையும் பெரும்பாலும் அரகொனைற்று என்ற இன்னொரு சுண்ணப் பளிங்கு. அது நிலத்தடி நீரில் எளிதில் கரையும். ஆகவே சங்கு இருந்த இடத்தில் வெற்றுக் குழியோ, உள்ளே நிரம்பிய சேறு இறுகிய திருகாணி போன்ற அச்சோ மட்டும் கிடைக்கும். அந்தக் குழியை வெறும் ஓட்டை என்று எறிந்துவிடுகிறார்கள். களிமண்ணை அதற்குள் அழுத்தி எடுத்துப் பாருங்கள், சங்கின் வெளிவடிவம் வரும்.

கிடைத்த சிப்பி கோடி ஆண்டுப் பழையதா, அண்மையதா?

கரையோர மணலிலும் களப்பு ஓரங்களிலும் கிடக்கும் சிப்பிப் படைகள் பெரும்பாலும் கடல்மட்டம் சற்று உயர்ந்திருந்த சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தியவை. உதறினால் மணல் கொட்டும், பளபளப்போ நிறமோ சிறிது எஞ்சியிருக்கும், விரலால் கல்லிலிருந்து பிரியும். மயோசீன் சுவடு கல்லோடு கல்லாக இறுகி, உள்ளே கல் நிரம்பிக் கனமாக இருக்கும்.

நுண்சுவடுகளை வீட்டில் பிரிக்க முடியுமா?

மென்மையான சுண்ணக்களி கிடைத்தால் முடியும். 500 கிராம் எடுத்து, உடைத்து, இரண்டு நாள் நல்ல வெயிலில் முற்றாகக் காயவிடுங்கள். இந்தப் படியைத் தவறவிட்டால் களி உடையவே உடையாது. காய்ந்த களிதான் நீரை உறிஞ்சிச் சிதறும். 2 லீற்றர் சுடுநீரில் சலவைச் சோடா 2 மேசைக்கரண்டி கரைத்து, அதற்குள் இட்டு ஓர் இரவு விடுங்கள். காலையில் கையால் மெதுவாகக் கலக்கி, தேயிலை வடியால் வடித்து, வடிந்த நீரை மெல்லிய நைலோன் துணி வழியாக ஊற்றுங்கள். நீர் தெளியும்வரை அந்தத் துணியிலேயே கழுவுங்கள். தேய்க்க வேண்டாம், ஓடுகள் நொறுங்கும். மிஞ்சியதைக் காயவைத்துக் கறுப்புத் தாளில் தூவிக் கைவில்லையால் பாருங்கள். ஆய்வுகூடத்தில் 63 மைக்குரோன் சல்லடை பயன்படும்; துணியில் மிகச் சிறியவை தப்பிப்போகும். துணியை அடுத்த மாதிரிக்கு முன் நன்றாகக் கழுவாவிட்டால் இரண்டு இடத்துச் சுவடுகள் கலந்துவிடும்.

நாணயம், சக்கரம், நெல் போன்ற வடிவங்கள் கிடைத்தால் அவை போராமினிபெரா. ஓடு உண்டு, ஆனால் ஒருகல உயிர். முள்ளந்தண்டிலி விலங்குகளோடு எழுதக் கூடாது.

எங்கே போகக் கூடாது?

மிதிவெடி அபாயப் பலகையோ சிவப்புக் குறியோ உள்ள இடத்துக்குள் ஓரடியும் வைக்காதீர்கள். வெடி அகற்றியதாக அறிவிக்கப்படாத காட்டு ஓரம், பழைய மண் அணை, பதுங்குகுழி, கைவிடப்பட்ட கிணறு ஆகியவற்றையும் தவிர்த்துவிடுங்கள். மழைக்குப் பின் மண் அரித்த இடத்தில் உலோகம் தெரிந்தால் தொடாமல், வந்த தடத்திலேயே திரும்பி, கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ சொல்லுங்கள். மாணவரை அழைத்துப் போகும் ஆசிரியர் முதல் நாளே ஊரவரிடம் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். வில்பத்து போன்ற தேசியப் பூங்காவுக்குள் கல்லோ சிப்பியோ எடுக்க அனுமதி இல்லை. உயிர் முருகையை எங்கும் உடைக்கக் கூடாது.

நல்ல சுவடு கிடைத்தால் என்ன செய்வது?

கழுவித் தேய்த்து வார்னிஷ் பூசாதீர்கள்; பின்னர் எவராலும் ஆராய முடியாமல் போய்விடும். உடைந்திருந்தால் இரண்டு பாதியையும் எடுங்கள். ஒன்றில் மேடு, மற்றதில் பள்ளம், இரண்டும் தேவை. பத்திரிகைத் தாளில் தனித்தனியே சுற்றுங்கள். ஒவ்வொன்றுக்கும் இலக்கம் கொடுத்து, கிராமம், கிணறா கரையா, நில மட்டத்திலிருந்து எத்தனை அடி ஆழம், கைத்தொலைபேசி காட்டும் அகலாங்கு நெட்டாங்கு, திகதி, கண்டெடுத்தவர் பெயர் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதி உள்ளே வையுங்கள். பேனை மை ஈரத்தில் ஊறிவிடும். படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு அளவுகோலை வையுங்கள். ஆழத்தைக் கிணறு வெட்டியவரிடம் அன்றைக்கே கேட்டு எழுதுங்கள், ஒரு வாரம் போனால் அவருக்கே நினைவிராது. பிறகு படத்தையும் குறிப்பையும் பேராதனைப் பல்கலைக்கழகப் புவிச்சரிதவியல் துறைக்கோ, புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகத்துக்கோ அனுப்பலாம். இடமும் ஆழமும் எழுதாத சுவடு எவ்வளவு அழகாக இருந்தாலும் ஆய்வுக்குப் பயன்படாது. எழுதிய சுவடு பாதி உடைந்திருந்தாலும் பயன்படும்.